உடையாரும் பிச்சைக்காரரும்: பாலகுமாரனின் சோழ நாவல்கள்

பாலகுமாரன் (ஜூலை 5, 1946 - மே 15, 2018) எழுதிய 'உடையார்' ஆறு பாகங்கள் கொண்ட வரலாற்று நாவல். முதலாம் ராஜராஜ சோழன் தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டிய காலத்தைக் களமாகக் கொண்டது. அடுத்து ராஜேந்திர சோழனை மையமாக்கி நான்கு பாகங்களில் 'கங்கைகொண்ட சோழன்' வெளிவந்தது. இரண்டும் சேர்ந்து அவரது எழுத்து வாழ்வின் பிற்பகுதியை நிறைத்த பெரும்பணி. கல்கியின் 'பொன்னியின் செல்வன்' முடிந்த இடத்திலிருந்து கதையை மேலே கொண்டுசென்ற நாவல்கள் என்றே இவை பொதுவாக அறியப்படுகின்றன. கதைமாந்தரைப் பார்த்தால் அது சரி. ஆனால் இந்நாவல்களின் உள்ளோட்டம் காவிரிக்கரையில் தொடங்கவில்லை. அது திருவண்ணாமலையில் தொடங்குகிறது. அவற்றின் வலிமையும் பலவீனமும் அங்கிருந்து பார்க்கும்போதுதான் துலங்குகின்றன.

பின்புலம்

பாலகுமாரன் தஞ்சாவூர் மாவட்டம் திருக்காட்டுப்பள்ளிக்கு அருகே பழமார்நேரியில் பிறந்தார். தாய் தமிழாசிரியை. சென்னையில் டிராக்டர் தயாரிக்கும் டாஃபே நிறுவனத்தில் சுருக்கெழுத்தராகப் பணியாற்றிக்கொண்டே எழுதத் தொடங்கினார். 'கசடதபற' சிற்றிதழோடு தொடர்பு இருந்தது. சுப்ரமண்ய ராஜு, மாலன் ஆகியோர் அக்காலத்து நண்பர்கள். 'சாவி' இதழில் வந்த 'மெர்க்குரிப் பூக்கள்' தொழிற்சாலை வேலைநிறுத்தத்தையும், 'கல்கி' இதழில் வந்த 'இரும்பு குதிரைகள்' லாரிப் போக்குவரத்து உலகத்தையும் பேசின. கே. பாலசந்தரிடம் உதவியாளராக இருந்தவர், பின்னர் 'நாயகன்' (1987), 'குணா' (1991), 'பாட்ஷா' (1995), 'புதுப்பேட்டை' (2006) முதலிய படங்களுக்கு வசனம் எழுதினார். நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட நாவல்கள் எழுதியவர். அவற்றில் பெரும்பகுதி எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் மாத நாவல்களாகப் பேருந்து நிலையக் கடைகளில் விற்றவை.

இந்த வரலாற்றில் சோழ நாவல்களுக்குத் தேவையான ஒரு செய்தி உண்டு. அவர் முதலில் எழுதிப் பழகியது வேலை செய்யும் மனிதர்களை. லாரியில் சரக்கு ஏற்றுபவர், தொழிற்சங்கக்காரர், தட்டச்சு செய்யும் பெண், வாடகைக்குக் குடியிருப்பவர். அரண்மனைக்குள் நுழையும்போதும் அவர் இந்தக் கண்ணோடுதான் நுழைந்தார்.

திருவண்ணாமலை

யோகி ராம்சுரத்குமார் (1918-2001) இன்றைய உத்தரப் பிரதேசத்தின் பலியா பகுதியில் பிறந்தவர். 1959-ல் திருவண்ணாமலையில் தங்கினார். ரயில் நிலையம் அருகே புன்னை மரத்தடி, தேரடி, கடைத் தெருவின் திண்ணைகள் எனப் பல ஆண்டுகள் கழித்தார். பின்னர் அன்பர்கள் வாங்கிய சன்னதித் தெரு வீட்டில் வாழ்ந்தார். 1994-ல் அக்ரகாரக் கொல்லையில் அவர் பெயரிலான ஆசிரமத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. கையில் பனையோலை விசிறியும் கொட்டாங்கச்சியும் வைத்திருந்ததால் 'விசிறி சாமியார்' என்று மக்கள் அழைத்தனர். தன்னை அவர் பிச்சைக்காரன் என்றே குறிப்பிட்டுக்கொண்டார். அரவிந்தர், ரமணர், சுவாமி ராமதாஸ் மூவரையும் தன் தந்தையர் என்றார்.

தமிழறிஞர்கள் அவரை நாடி வந்ததற்கு முன்னுதாரணம் உண்டு. தமிழ்க் கலைக்களஞ்சியத்தின் முதன்மைப் பதிப்பாசிரியராக இருந்த பெரியசாமித் தூரன் அவர்மேல் பாடல்கள் இயற்றினார். தெ.பொ. மீனாட்சிசுந்தரனாரும் அவரிடம் ஈடுபாடு கொண்டவர். அந்த வரிசையில் வெகுஜன எழுத்தின் உச்சத்தில் இருந்த ஒருவராக வந்து சேர்ந்தவர் பாலகுமாரன். யோகியைத் தன் குருவாக ஏற்றதை அவர் மறைத்ததில்லை. தன் வாழ்க்கைக் குறிப்புகளிலும் கேள்வி-பதில்களிலும் அவரைப் பற்றி மீண்டும் மீண்டும் எழுதினார். 'எழுத்துச் சித்தர்' என்ற அடைமொழி அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டதும் இந்தக் காலத்தில்தான். திருவண்ணாமலையைத் தமிழ்நாட்டின் பிற ஊர்களிலிருந்து மாதந்தோறும் வந்துபோகும் இடமாக ஆக்கியதில் திரைப்படப் பாடகர்களுக்கும் நடிகர்களுக்கும் பங்கிருப்பதுபோல, மாத நாவல் படித்த ஒரு தலைமுறை வாசகர்களுக்கும் பங்குண்டு. அவர்களில் பலர் யோகியின் பெயரை முதலில் அறிந்தது பாலகுமாரன் வழியாகவே.

திருவண்ணாமலைக்கு இன்னொரு இலக்கிய முகமும் இருக்கிறது. பவா செல்லதுரை, வம்சி பதிப்பகம் என்று நீளும் அந்த மரபு ஊரின் மனிதர்களை, விவசாயிகளை, ஏரிகளை, தெருக்களை எழுதுகிறது. பாலகுமாரனின் திருவண்ணாமலையில் ஊர் குறைவு. மலை உண்டு, கிரிவலப் பாதை உண்டு, ஒரு திண்ணையில் விசிறியோடு ஒருவர் உண்டு. ஊரைப் பற்றி அறிய அவரிடம் போகக் கூடாது. ஒரு மனிதன் இன்னொரு மனிதன் முன் அமரும்போது என்ன நேர்கிறது என்பதையே அவர் அங்கே கண்டார். பின்னர் சோழ அரசனுக்கும் அதையே கொடுத்தார்.

தலைப்பு

'உடையார்' என்ற சொல்லைத் தேர்ந்ததே ஒரு விமர்சகனின் வேலையைப் பாதி முடித்துவிடுகிறது. சோழர் கல்வெட்டுகளில் இந்தச் சொல் அரசனுக்கும் வரும், இறைவனுக்கும் வரும். தஞ்சைக் கல்வெட்டுகளில் கோயிலின் இறைவன் ஸ்ரீராஜராஜீஸ்வரம் உடையார். அரசனும் உடையார் ஸ்ரீராஜராஜ தேவர். நிலத்துக்கு, நெல்லுக்கு, போரில் பெற்ற பொன்னுக்கு உரியவன் எவனோ அவனும் உடையார். அவன் எல்லாவற்றையும் யாருக்குக் கொடுக்கிறானோ அவரும் உடையார். அதே அரசன் 'சிவபாதசேகரன்' என்றும் அழைக்கப்பட்டான். சிவனின் பாதத்தைத் தலையில் சூடியவன் என்று பொருள்.

பிச்சைக்காரன் என்று தன்னைச் சொல்லிக்கொண்ட ஒருவரின் சீடர், எல்லாம் உடையவன் ஒருவனைப் பற்றி ஆறு பாகம் எழுதினார். உடைமை எப்போது சுமையாகிறது, சுமை எப்போது காணிக்கையாகிறது என்பதே 'உடையார்' கேட்கும் கேள்வி. கல்கியின் அருள்மொழிவர்மன் அரியணையை உத்தம சோழனுக்கு விட்டுக்கொடுக்கும் இடத்தில் பெருமை பெறுகிறான். தியாகம் அங்கே ஒரு காட்சி; வாசகன் கைதட்டுகிறான், நாவல் முடிகிறது. பாலகுமாரனின் ராஜராஜன் அரியணையில் அமர்ந்தபடியே அதே தியாகத்தைச் செய்ய முயல்கிறான். முடியைக் கழற்றிவைப்பதைவிட இது கடினம். நிர்வாகம் செய்யவேண்டும், வரி வசூலிக்கவேண்டும், போருக்கு ஆள் அனுப்பவேண்டும். நடுவில் பற்றற்றும் இருக்கவேண்டும். சாண்டில்யன் மரபில் வந்த வாசகனுக்கு இது புதிது. அங்கே நாயகனுக்கு வாள்வீச்சும் காதலும் போதும்.

கல்லும் கையும்

'உடையார்' நாவலின் சிறந்த பக்கங்கள் கட்டுமானத்தைப் பற்றியவை. தஞ்சைச் சமவெளியில் கல் கிடையாது. வேறெங்கோ வெட்டிய கருங்கல்லைக் கொண்டுவந்து 200 அடிக்கு மேல் உயரும் விமானத்தை எழுப்பவேண்டும். ராஜராஜன் ஆட்சிக்கு வந்தது 985-ல். விமானத்தின் உச்சிக்குப் பொன் வேய்ந்த குடத்தை அளித்தது அவனது 25-ஆம் ஆட்சியாண்டின் 275-ஆம் நாள் என்று கல்வெட்டு துல்லியமாகச் சொல்கிறது. அது 1010. இடையில் நடந்தது என்ன என்பதைக் கல்வெட்டு சொல்வதில்லை. தலைமைச் சிற்பி குஞ்சரமல்லன் ராஜராஜப் பெருந்தச்சனின் பெயர் மட்டும் இருக்கிறது.

அந்த இடைவெளிதான் நாவலாசிரியனின் நிலம். கல்தச்சர், உளி அடித்துக் கொடுக்கும் கருமார், யானைப்பாகர், கயிறு திரிப்பவர், சமைப்பவர், போரில் சிறைபிடிக்கப்பட்டு வேலைக்கு நிறுத்தப்பட்டவர் என்று ஒரு பெருங்கூட்டத்தை பாலகுமாரன் நிரப்புகிறார். அவர்களுக்குள் பொறாமை, சாதிப் பூசல், கூலித் தகராறு, பசி எல்லாம் உண்டு. அந்தணர்களுக்கும் பிற தொழிற்குலத்தாருக்கும் இடையே 'யார் பெரியவர்' என்று எழும் உரசல் நாவலின் நெடுகிலும் வருகிறது. சேனாதிபதி கிருஷ்ணன் ராமன் பிரம்மராயர் அந்தணராகவும் போர்வீரராகவும் இருப்பது அந்த உரசலைக் கூர்மையாக்குகிறது. வேலைநிறுத்தத்தை எழுதிய கை இங்கே தெரிகிறது. பெரிய கோயிலை ஒரு தொழிற்களமாகப் பார்த்த முதல் வெகுஜன நாவல் இது என்றால் மிகையாகாது. தமிழ் வரலாற்று நாவலில் அதுவரை கோயில் என்றால் சதிகாரர் சந்திக்கும் இருட்டு மண்டபம், சுரங்கப்பாதையின் வாசல்.

ஆனால் இந்தப் பூசல்கள் தீரும் விதம் திருப்தி தருவதில்லை. உரசல் முற்றும்போதெல்லாம் அரசனோ குருவோ வந்து பேசுகிறார்கள். கேட்டவர் கண்ணீர் விடுகிறார். வேலை மறுபடி தொடங்குகிறது. சிறைபிடிக்கப்பட்டவனின் கோபத்துக்கு நாவல் இடம் கொடுக்கிறது, கடைசிவரை இருக்க இடம் கொடுப்பதில்லை. 'மெர்க்குரிப் பூக்கள்' எழுதிய காலத்துப் பாலகுமாரன் அந்தக் கோபத்தை இவ்வளவு விரைவாக ஆற்றியிருக்கமாட்டார்.

பஞ்சவன்மாதேவி

ராஜராஜனுக்குப் பல தேவியர் இருந்தனர். பட்டத்தரசி லோகமாதேவி. ராஜேந்திரனைப் பெற்றவள் வானவன்மாதேவி. பாலகுமாரன் நாவலின் நடுவில் நிறுத்துவது பஞ்சவன்மாதேவியை. ஆடலில் தேர்ந்தவளாகவும், அரசனின் அந்தரங்கத் துணையாகவும், கோயிற்பணியின் அன்றாடச் சிக்கல்களைக் கையில் எடுப்பவளாகவும் அவள் வருகிறாள்.

இந்தத் தேர்வுக்கு வரலாற்றில் ஒரு நெகிழ்வான ஆதாரம் இருக்கிறது. ராஜேந்திரன் தன் சிற்றன்னையான பஞ்சவன்மாதேவிக்குப் பழையாறைப் பகுதியில் ஒரு பள்ளிப்படைக் கோயில் எடுப்பித்தான். பட்டீஸ்வரத்துக்கு அருகே இன்று ராமநாதன் கோயில் என்று அறியப்படும் இடம் அது. பெற்ற தாயல்லாத ஒருத்திக்கு மகன் கோயில் எடுத்தான் என்றால் அவள் எப்படிப்பட்டவளாக இருந்திருப்பாள் என்ற கேள்வி எந்த நாவலாசிரியனையும் உட்காரவிடாது. கல்வெட்டு அவளைப் பழுவூர்த் தொடர்புள்ளவளாகக் காட்டுகிறது. நாவலின் பஞ்சவன்மாதேவி அந்தச் சிறு குறிப்பிலிருந்து வளர்ந்த பெரும் கற்பனை. கற்பனை என்பதை வாசகர் மறந்துவிடக்கூடாது. இன்று இணையத்தில் அவளைப் பற்றிச் சொல்லப்படும் பல 'வரலாற்றுச் செய்திகள்' நேராக நாவலிலிருந்து வந்தவை.

தளிச்சேரிப் பெண்டுகளைப் பற்றிய பகுதிகளும் குறிப்பிடத்தக்கவை. பல ஊர்க் கோயில்களிலிருந்து 400 பெண்களைத் தஞ்சைக்குக் கொண்டுவந்து, ஒவ்வொருவருக்கும் ஒரு வீடும் ஆண்டுக்கு 100 கலம் நெல் பங்கும் ராஜராஜன் அளித்தான். அவர்கள் பெயர், எந்தக் கோயிலிலிருந்து வந்தவர், எந்தத் தெருச் சிறகில் எத்தனையாவது வீடு என்பதெல்லாம் கல்லில் இருக்கிறது. உலக வரலாற்றில் ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய கலைஞர் பட்டியல் இவ்வளவு விரிவாகக் கிடைப்பது அரிது. அந்தப் பட்டியலை வெறும் பெயர்களாக விடாமல் ஊர் பெயர்ந்த பெண்களாக நாவல் பார்க்கிறது. சொந்த ஊர்க் கோயிலை விட்டு வந்தவர்களின் தனிமை, புதிய தெருவில் யார் மூத்தவர் என்ற போட்டி, கலை பற்றிய கர்வம் இவையெல்லாம் பாலகுமாரனுக்கு எளிதாகக் கைவருகின்றன. பெண் வாசகர்களே அவரது பெரும்பலம் என்பதை நினைத்துக்கொண்டால் இதில் வியப்பில்லை.

குருவின் குரல்

சிக்கல் கருவூர்த்தேவரில் தொடங்குகிறது. நாவலில் அவர் ராஜராஜனின் குரு. அரசனின் மனத்தைத் திறந்து பார்ப்பவர். கோயிலின் ஆன்மிக ஊற்று. வரலாற்றுக் கருவூர்த்தேவர் ஒன்பதாம் திருமுறையில் இடம்பெறும் திருவிசைப்பா ஆசிரியர். ராஜராஜேச்சரம், கங்கைகொண்ட சோழேச்சரம் இரண்டையும் பாடியவர். ஆகவே அவர் இரு அரசர் காலத்தையும் கண்டவர் என்பது உறுதி. ஆனால் பெரிய கோயில் கல்வெட்டுகளில் அரசனின் குருவாகப் பெயர் பொறிக்கப்பட்டவர் ஈசான சிவபண்டிதர். கருவூர்த்தேவரை ராஜகுருவாக்கியது செவிவழி மரபு. கோயிலின் உள்சுற்றில் எஸ்.கே. கோவிந்தசாமி 1931-ல் கண்டறிந்த சோழர் ஓவியங்களில் ஒன்றை 'ராஜராஜனும் கருவூர்த்தேவரும்' என்று அழைக்கும் வழக்கம் அந்த மரபுக்கு வலுச்சேர்த்தது. அந்த அடையாளத்தை ஆய்வாளர் பலர் ஏற்பதில்லை.

நாவலாசிரியர் மரபைத் தேர்ந்துகொள்வதில் தவறில்லை. கவனிக்கவேண்டியது அவர் ஏன் அதைத் தேர்ந்தார் என்பது. ஈசான சிவபண்டிதர் நிறுவனத்தின் ஆள். பூசையையும் முறையையும் கவனிப்பவர். கருவூர்த்தேவர் சித்தர், ஊர் ஊராகத் திரிபவர், வாசலில் நின்று ஒரு சொல் சொல்லிவிட்டுப் போகக்கூடியவர். சன்னதித் தெருத் திண்ணையில் குருவைக் கண்ட ஒருவருக்கு எவர் கையில் அரசனை ஒப்படைக்கத் தோன்றும் என்பதைச் சொல்லவேண்டியதில்லை. ராஜராஜன் கருவூர்த்தேவர் முன் அமரும் காட்சிகளில் சோழ காலத்தின் வாசனை குறைந்து, இருபதாம் நூற்றாண்டின் ஒரு தனிமனிதத் தவிப்பு மேலெழுகிறது. அக்காட்சிகள் உண்மையானவை. அவற்றின் உண்மை 1010-க்கு உரியதல்ல என்பதுதான்.

இதற்கு நாவல் கொடுக்கும் விலை பெரிது. குரு பேசத் தொடங்கியதும் எதிர்க்குரல் அடங்கிவிடுகிறது. எல்லாப் பாத்திரங்களும் ஒரே மொழியில் பேச ஆரம்பிக்கிறார்கள்: குறு வாக்கியங்கள், அடுக்கடுக்கான கேள்விகள், கடைசியில் ஒரு தெளிவு. தச்சனும் சேனாதிபதியும் ஆடல்மகளும் பாலகுமாரனாகிவிடுகிறார்கள். தொடர்கதை வடிவம் இதை மேலும் வளர்த்தது. வாரந்தோறும் ஒரு சிறு ஞானம் கிடைத்தால் வாசகன் காத்திருப்பான். ஆறு பாகமாகச் சேர்த்துப் படிக்கையில் அதே ஞானம் பத்தாவது முறை வரும்போது பக்கத்தைத் தள்ளத் தோன்றுகிறது. செம்மையாக்கும் கை ஒன்று இருந்திருந்தால் நாவல் நான்கு பாகங்களில் நின்று, இன்னும் ஓங்கியிருக்கும்.

குருபக்தியே இதற்குக் காரணம் என்றும் சொல்லிவிட முடியாது. பக்தி இலக்கியத்தில் ஐயமும் ஊடலும் கோபமும் நிறைய உண்டு. இறைவனை ஏசிப் பாடிய மரபு தமிழுடையது. பாலகுமாரனின் ராஜராஜன் தன் குருவோடு ஒருமுறையாவது சண்டையிட்டிருந்தால் அவன் பணிவுக்குக் கனம் கூடியிருக்கும். தொழிற்சங்கத்தையும் அலுவலகத்தையும் எழுதியபோது அவருக்கு இருந்த தயக்கமின்மை, குருவை எழுதும்போது இல்லை. தன்னுடைய குருவிடம் அவர் கண்டது முழு அடைக்கலம். அடைக்கலத்தை வாழ முடியும். அதை நாடகமாக்குவது கடினம்.

கங்கைகொண்ட சோழன்

இரண்டாவது நாவலைச் சுருக்கமாகவே சொல்லலாம். ராஜேந்திரனின் ஆட்சி போர்களால் ஆனது. 1023-ஐ ஒட்டிய கங்கைப் படையெடுப்பு, 1025-ன் கடாரப் படையெடுப்பு, புதிய தலைநகர், சோழகங்கம் ஏரி என்று களம் விரிந்துகொண்டே போகிறது. 'உடையார்' நாவலுக்கு ஒரு கோயில் அச்சாக இருந்தது. எல்லாக் கிளைக்கதைகளும் அந்த விமானத்தடிக்குத் திரும்பின. இங்கே அப்படி ஒரு அச்சு அமையவில்லை. திருவாரூர்ப் பரவை நங்கைக்கும் ராஜேந்திரனுக்கும் உள்ள உறவு வரும் பகுதிகள் உயிருள்ளவை. திருவாரூர்க் கோயிலில் இருவரும் நின்ற இடத்தில் விளக்கு வைத்ததைக் கல்வெட்டே சொல்கிறது என்பதால் ஆசிரியருக்கு அங்கே பிடிமானமும் இருந்தது. படை நகர்வுகள் அவருக்கு வசப்படவில்லை. தந்தையின் நிழலை விட்டு விலக ஒரு மகன் தலைநகரையே மாற்றினான் என்ற பெரிய கரு ஆங்காங்கே தலைகாட்டி மறைகிறது. அதை முழுதாகப் பின்தொடர்ந்திருந்தால் இது முதல் நாவலை மிஞ்சியிருக்கும்.

வாசகர்கள்

'உடையார்' படித்தவர்கள் புத்தகத்தை மூடிவிட்டு ஊர்களுக்குப் போனார்கள். தஞ்சை, பழையாறை, கங்கைகொண்ட சோழபுரம் ஆகிய ஊர்களுக்கு வாசகர் குழுக்கள் செல்வது வழக்கமாயிற்று. 'பொன்னியின் செல்வன்' வாசகர்கள் வீராணம் ஏரியையும் கோடிக்கரையையும் தேடிச் சென்றதன் தொடர்ச்சி இது. கும்பகோணம் அருகே உடையாளூரில் ராஜராஜனின் பள்ளிப்படை இருக்கிறது என்ற நம்பிக்கையும் இந்த ஆர்வச் சூழலில் வலுவாகப் பரவியது. அவ்வூர்ப் பால்குளத்தி அம்மன் கோயில் தூண் ஒன்றில், சிவபாதசேகர தேவர் திருமாளிகையின் மண்டபத்தைப் புதுக்கியதைக் கூறும் முதலாம் குலோத்துங்கன் காலக் கல்வெட்டு இருக்கிறது. 2019-ல் சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவின்படி தொல்லியல் துறை அங்கே ஆய்வு நடத்தியது. பள்ளிப்படை என்று உறுதிசெய்யும் சான்று கிடைக்கவில்லை. அங்குள்ள சிவலிங்கத்துக்கு மாலை சாற்றிவிட்டுப் போகிறவர்கள் குறையவில்லை.

மாணவர்கள் இந்நாவல்களைப் படிக்கும்போது கையில் தஞ்சைக் கல்வெட்டுத் தொகுதியையும், நீலகண்ட சாஸ்திரியின் சோழர் வரலாற்றையும், குடவாயில் பாலசுப்ரமணியனின் நூல்களையும் வைத்துக்கொள்வது நல்லது. எங்கே கல் பேசுகிறது, எங்கே கதை பேசுகிறது, எங்கே திருவண்ணாமலை பேசுகிறது என்பது அப்போது பிரிந்து தெரியும். அரசன் தான் கொடுத்ததையும், தமக்கை குந்தவை கொடுத்ததையும், தன் தேவியரும் மற்றவர்களும் கொடுத்ததையும் ஒருசேரக் கல்லில் வெட்டச் சொன்ன அந்தக் கட்டளையை நாவல் எப்படிக் காட்சியாக்குகிறது என்று பார்க்க, ஸ்ரீவிமானத்தின் அடித்தளத்தில் அந்த எழுத்துகள் இன்றும் இருக்கின்றன.